பெங்களூரிலிருந்து ‘ஜீரோ ஏ.டி.’: இணையத்தில் கூடி ஆட விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

‘ஜீரோ ஏ.டி.’ (0 A.D.) என்ற வியூக விளையாட்டைக் கணினியோடு தனியாக ஆடிப் பழகியவர்கள், அடுத்ததாக நண்பர்களோடு ஆட ஆசைப்படுவார்கள். அப்படி ஒரு மாலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவருக்கு ஆட்டம் நடக்கும் இணைய அறையே கண்ணில் படாது, இன்னொருவருக்கு இணைப்பு கிடைக்காது, மூன்றாமவர் உள்ளே வந்ததும் ஆட்டம் உறைந்து நிற்கும். அல்சூரில் ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதியில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், கே.ஆர். புரத்தில் நான் என்று நான்கு பேர் இந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பட்டுத் தீர்த்த பிறகு எழுதும் குறிப்பு இது. எப்படி ஆடி வெல்வது என்பதை இது சொல்லாது. ஆட்டம் தொடங்கி, இடையில் அறுந்துபோகாமல் முடிவதற்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறர் நடத்தும் ஆட்டத்தில் சேர்வதற்கு அநேகமாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. சிக்கல் எல்லாம் ஆட்டத்தை நடத்துபவரின், அதாவது ஹோஸ்ட்டின், வீட்டு இணைப்பில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் குழுவில் யார் ஹோஸ்ட் என்பதை, யார் நன்றாக ஆடுகிறார் என்றோ யார் முதலில் அழைத்தார் என்றோ பார்த்து முடிவு செய்யாமல், யாருடைய இணைப்பு அதற்குத் தகுந்தது என்று சோதித்து முடிவு செய்யுங்கள்.

1. எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவுங்கள்

இந்த விளையாட்டு முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யாராவது பணம் கேட்டால் அது அசல் தளம் அல்ல. ‘ப்ளே ஜீரோ ஏ.டி.’ என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பு ஒரு ஜி.பி.க்கும் மேல் இருக்கும் என்பதால், நாளுக்கு இத்தனை ஜி.பி. என்று அளவு வைத்த மொபைல் டேட்டாவில் இறக்கத் தொடங்கி நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பதிப்பு எண் ஒன்றாக இல்லாதவர்கள் சேர்ந்து ஆட முடியாது. இதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-ஐ எடுத்துக்கொண்டால், அது 2024 ஏப்ரலில் வெளியானது. விளையாட்டின் 27-ஆம் ஆல்ஃபா பதிப்பான ‘அக்னி’ வந்தது 2025 ஜனவரியில். ஆகையால் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து ஒரே கட்டளையில் நிறுவியவரிடம் பழைய பதிப்புதான் இருக்கும். அவர் லாபியில், அதாவது ஆட்டக்காரர்கள் இணையத்தில் கூடும் இடத்தில், நுழைந்தாலும் புதிய பதிப்புக்காரர்கள் நடத்தும் ஆட்டத்துக்குள் போக முடியாது. லினக்ஸ்காரர்கள் ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் ஆகிய வழிகளில் ஒன்றைப் பார்ப்பது நல்லது. எந்த வழியில் நிறுவினாலும், முதன்மைப் பட்டியல் திரையில் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒவ்வொருவரும் போடச் சொல்லுங்கள். ‘லேட்டஸ்ட்தான் வைத்திருக்கிறேன்’ என்ற வாய்மொழியை நம்பவே நம்பாதீர்கள்.

மோட்களும், அதாவது விளையாட்டோடு தனியாகச் சேர்க்கும் மாற்றங்களும், இப்படித்தான். ஆட்டத்தின் விதிகளையோ படைகளையோ மாற்றும் மோட் ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாவிட்டால் சேர இயலாது. முதல் சில வாரங்களுக்கு மோட் எதுவும் போடாமல் இருப்பதே நிம்மதி.

பெங்களூரில் இதைப் படிக்கும் பலரிடம் இருக்கும் ஒரே நல்ல கணினி அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருக்கும் என்பதால் ஒரு வார்த்தை: அதில் நிறுவாதீர்கள். நிறுவனத்தின் வி.பி.என். இணைப்பைத் தடுக்கும், நிர்வாகி அனுமதி கேட்கும், அதையும் மீறி நிறுவினால் திங்கட்கிழமை பாதுகாப்புக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வரும். பழையதானாலும் சொந்தக் கணினியில் ஆடுங்கள்.

2. செலவிட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு

ஆட்டம் தடுமாறியதும் பலரும் செய்யும் முதல் வேலை, நாற்பது எம்.பி.பி.எஸ். திட்டத்தை முந்நூறுக்கு மாற்றுவது. அந்தப் பணம் வீண். இந்த வகை விளையாட்டில் ஒவ்வொருவர் கணினியும் முழுப் போர்க்களத்தையும் தானே கணக்கிடுகிறது. இணையத்தின் வழியே போவதெல்லாம் ‘இந்தப் படை இங்கே போகட்டும்’ என்பது போன்ற ஆணைகள் மட்டுமே. அவை மிகச் சிறியவை. எனவே இணைப்பின் வேகத்தை விட, அது அறுபடாமலும் சீராகவும் இருப்பதே முக்கியம்.

இதே காரணத்தால், கணக்கிடுவதில் பின்தங்கும் ஒரு கணினி எல்லோருடைய ஆட்டத்தையும் மெதுவாக்கிவிடும். எட்டுப் பேர், ஆளுக்கு இருநூறு மக்கள்தொகை என்று ஆடினால் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு நல்ல கணினிகளே திணறும். லேப்டாப்பில் ஆடுபவர்கள் சார்ஜரைச் செருகியே ஆட வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

செலவிடத் தகுந்தவை இரண்டு. முதலாவது, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிள். எஸ்.பி. ரோட்டில் கேட்–6 கேபிள் வேண்டிய நீளத்துக்குச் சில நூறு ரூபாயில் முனை அடித்தே கொடுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் இருபது வைஃபை ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் இடத்தில், இந்தக் கேபிள் செய்யும் நன்மையை எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் செய்யாது.

இரண்டாவது, ரவுட்டருக்கான சிறிய யு.பி.எஸ். ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழை பிடித்தால் பெஸ்காம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். குடியிருப்பில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் அது மாறி எடுக்கும் அந்தச் சில நொடிகளில் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து, இணைப்பைப் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகிவிடும். ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இந்தச் சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி தனியாகவும் வைஃபை ரவுட்டர் தனியாகவும் இருக்கும் வீடுகளில் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் வாங்கி வைத்துவிட்டு, விளக்கு எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு. இரண்டு வெளியீடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

3. லாபியில் கணக்குத் தொடங்குதல்

முதன்மைப் பட்டியலில் ‘மல்டிபிளேயர்’ என்பதை அழுத்தி, ‘கேம் லாபி’க்குள் செல்லுங்கள். உலகெங்கும் நடக்கும் ஆட்டங்களின் பட்டியலும் அரட்டைப் பகுதியும் இங்கேதான் இருக்கின்றன. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் விதிமுறை ஆவணங்களைத் திறந்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த பொத்தான் உயிர்பெறும். பொத்தான் அழுந்தவில்லை, ஆட்டம் பழுது என்று புகார் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிப் போக முயன்றவர்களே.

பதிவின்போது உங்கள் மின்னஞ்சல் கேட்கப்படுவதில்லை. அதனால் பாஸ்வேர்டு மறந்துபோனால் மீட்டுத்தர ஒரு கடிதமும் வராது. அதை எழுதி வையுங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே பயன்படுத்தாதீர்கள். பெயரில் உங்கள் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, நிறுவனப் பெயர் எதுவும் வேண்டாம்.

4. பிறர் நடத்தும் ஆட்டத்தில் சேருதல்

பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துச் சேரும் பொத்தானை அழுத்தினால் அறைக்குள் போய்விடலாம். முதல் நாளே அறைக்குள் பாயாமல், நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தில் பார்வையாளராக நுழைந்து பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று பார்ப்பது, தனியே ஒரு வாரம் ஆடுவதை விடப் பயன் தரும். ‘பெட்ரா’ என்ற கணினி எதிரியை நடுத்தர நிலையிலாவது வென்ற பிறகே மனிதர்களோடு மோதலாம் என்பது என் கருத்து. இல்லையென்றால் பதினைந்தாவது நிமிடத்தில் உங்கள் ஊர் எரிந்துபோகும், உங்கள் அணியினருக்கும் அந்த மாலை பாழாகும்.

அறைக்குள் போனதும் நீங்கள் புதியவர் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ரேட்டிங் 1200-இல் தொடங்குகிறது; ஒரு ஆட்டமும் ஆடாத உங்களுக்கு அது இருக்காது. நான்குக்கு நான்கு ஆட்டம் நடத்துபவர், ரேட்டிங் இல்லாதவரை எந்தப் பக்கம் போட்டுச் சமன் செய்வது என்று தெரியாமல் வெளியேற்றிவிடுவது சகஜம். அதில் மனம் வருந்த ஒன்றுமில்லை. அறையின் பெயரிலேயே புதியவர்களை அழைக்கும் ஆட்டங்கள் இருக்கும், அவற்றைத் தேடுங்கள். ரேட்டிங் கணக்கில் சேரும் ஆட்டம் ஒருவருக்கு ஒருவர் ஆடுவது மட்டுமே. அணியாக ஆடித் தோற்பதால் உங்கள் எண் குறையாது.

‘ஐ ஆம் ரெடி’ என்ற பொத்தானை அழுத்திய பிறகு எழுந்து தேநீர் போடப் போகாதீர்கள். ஹோஸ்ட் ஏதாவது ஒரு அமைப்பை மாற்றினால் உங்கள் தயார்நிலை நீங்கிவிடும், மறுபடி அழுத்த வேண்டும். ஏழு பேர் ஒருவருக்காகக் காத்திருக்கும் காட்சி அந்த லாபியில் தினமும் நடப்பது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாபியில் ஐரோப்பியர்கள் அதிகம். அவர்களுடைய மாலை ஏழு மணி என்பது கோடையில் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அறை நிரம்பவும் அணி பிரிக்கவும் கால் மணி நேரம், ஆட்டம் முக்கால் மணி என்று வைத்தால் கோடையில் பதினொன்றரை ஆகும், குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டும். காலை எட்டு மணிக்கு சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க வேண்டியவர்கள் இதை வெள்ளி, சனி இரவுகளுக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்; வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு நம்மவர்களோடு தனி அறை போட்டுக்கொள்ளலாம். அதற்குத்தான் யாராவது ஒருவர் ஹோஸ்ட் ஆக வேண்டியிருக்கிறது.

5. நீங்கள் ஹோஸ்ட் ஆக முடியுமா என்று சோதியுங்கள்

ஹோஸ்ட்டின் கணினியை மற்றவர்கள் வெளியிலிருந்து வந்து தொட வேண்டும். அதற்கு அவருடைய வீட்டுக்கு இணையத்தில் தனி முகவரி இருக்க வேண்டும். இந்தியாவில் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்கு அப்படி இருப்பதில்லை. ஐ.பி.வி.4 என்ற வகை இணைய முகவரிகள் போதாமையால், சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். ஒரு பெரிய குடியிருப்புக்குக் கதவு எண் எழுதாமல் வந்த கடிதம் வாசல் காவலரிடமே நின்றுவிடுவது போல, வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் சாதனத்திலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் நீங்கள் என்ன மாற்றம் செய்தாலும் அது வீட்டை எட்டாது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று உலாவியில் அடித்தால் வரும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ‘வேன்’ (WAN) அல்லது ‘இன்டர்நெட் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் ஒரு முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, தேடுபொறியில் ‘என் ஐ.பி. என்ன’ என்று கேட்டு வரும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் ஹோஸ்ட் ஆகலாம். ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது சி.ஜி.நாட். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால், ஒன்று நிறுவனத்தின் வலைக்குள் இருக்கிறீர்கள், அல்லது ஃபைபர் பெட்டியே இன்னொரு ரவுட்டராக நடுவில் நிற்கிறது. பின்னது என்றால் அந்தப் பெட்டியை, குறுக்கிடாமல் இணைப்பைக் கடத்தி மட்டும் விடும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித்தரும்படி சேவைப் பிரிவிடம் கேட்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் வாடிக்கையாளர் சேவையை அழைக்காதீர்கள். நான் அழைத்தபோது எடுத்தவர், குறை ரவுட்டரில்தான் என்று ஒரே பிடியாக நின்று, மூன்று முறை அதை அணைத்துப் போடச் சொன்னார். இரண்டு முகவரிகளையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்த ஒருவரிடமிருந்து நேரான பதில் வந்தது.

பி.ஜி. விடுதியிலும் அலுவலகம் தந்த தங்குமிடத்திலும் இருப்பவர்கள் இந்தச் சோதனையையே விட்டுவிடலாம். ரவுட்டர் உங்கள் கையில் இல்லை. ஒரே விடுதியின் வைஃபையில் இருக்கும் இரண்டு நண்பர்கள்கூட ஒருவர் கணினியை ஒருவர் பார்க்க முடியாதபடி பல இடங்களில் பிரித்து வைத்திருப்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் சி.ஜி.நாட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அதில் போய்ச் சேர்ந்து ஆடலாம், நடத்துவது கடினம்.

6. பொது முகவரி இருந்தால்: போர்ட்டைத் திறப்பது

வெளியிலிருந்து வரும் இணைப்பு கணினிக்குள் நுழையும் வாசல் எண்ணுக்குப் போர்ட் என்று பெயர். விளையாட்டு பயன்படுத்தும் போர்ட் எண் 20595, தகவல் அனுப்பும் நெறிமுறை யு.டி.பி. லாபி வழியாக நடத்தும்போது ‘ஸ்டன்’ என்ற வசதி பல ரவுட்டர்களைத் தானே கடந்துவிடும். ஆகவே முதலில் எதையும் மாற்றாமல் ஓர் அறையைத் திறந்து நண்பரை அழைத்துப் பாருங்கள். அவர் உள்ளே வந்துவிட்டால் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

வரவில்லையென்றால், ரவுட்டரில் உங்கள் கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். பிறகு ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பகுதியில் 20595 என்ற எண்ணை அந்த முகவரிக்குத் திருப்புங்கள். டி.சி.பி., யு.டி.பி. என்று கேட்கும் இடத்தில் யு.டி.பி.யையே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்முகவரியை ஒதுக்காமல் விட்டால், இன்று வேலை செய்வது கணினியை நாளை அணைத்துப் போட்டதும் நின்றுவிடக்கூடும்.

விண்டோஸில் முதல் முறை ஆட்டம் திறக்கும்போது ஃபயர்வால் அனுமதி கேட்கும். அதை அவசரத்தில் ‘கேன்சல்’ செய்தவர்கள் அமைப்புகளுக்குள் போய் அனுமதியை மீண்டும் கொடுக்க வேண்டும்.

சரிபார்க்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவீர்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் இணையதளங்களில் பல டி.சி.பி.யை மட்டுமே சோதிப்பவை. எல்லாம் சரியாக இருந்தாலும் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். அடுத்தது, அதே வீட்டில் இன்னொரு கணினியிலிருந்து உங்கள் பொது முகவரிக்குப் போய்ப் பார்ப்பது; பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே சென்று திரும்பி வருவதை அனுமதிப்பதில்லை. நம்பத்தக்க சோதனை ஒன்றே: வேறு வீட்டில் இருக்கும் நண்பர் வந்து சேர முடிகிறதா என்பது. அதற்காக உங்கள் பொது முகவரியைப் பெரிய குழுக்களில் எழுதிப் போடாதீர்கள். அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

7. பொது முகவரி இல்லாவிட்டால்

செலவில்லாத வழியை முதலில் சொல்கிறேன். டெயில்ஸ்கேல், சீரோடியர் போன்ற மென்பொருள்கள் வெவ்வேறு வீடுகளில் இருக்கும் கணினிகளை ஒரே வீட்டு வலை (லேன்) போல இணைக்கும். சிறு குழுவுக்கு அவற்றின் இலவசத் திட்டமே போதும். எல்லோரும் அதை நிறுவி ஒரே வலையில் சேர வேண்டும்; ஹோஸ்ட் லாபிக்குப் போகாமல் ‘மல்டிபிளேயர்’ பட்டியலில் ‘ஹோஸ்ட் கேம்’ வழியாக அறையைத் திறக்க வேண்டும்; மற்றவர்கள் ‘ஜாயின் கேம்’ வழியாக, அந்த மென்பொருள் ஹோஸ்ட்டுக்குக் கொடுத்த முகவரியை அடித்துச் சேர வேண்டும். டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். முன் பகுதியில் சொன்ன சி.ஜி.நாட் முகவரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் தாராளமாகச் சேரலாம். நாங்கள் நால்வரும் இப்போது இந்த வழியில்தான் ஆடுகிறோம்.

பணம் கொடுத்து நிலையான பொது முகவரி வாங்குவது இன்னொரு வழி. நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் வேறுபடும். மாதாமாதம் பில்லில் ஏறும். கேட்கும் முன் சில விஷயங்களை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, வீட்டு இணைப்புக்குத் தருவார்களா அல்லது வணிகத் திட்டத்துக்கு மட்டுமா, ஓராண்டுக்கு முன்பணம் கேட்பார்களா. கடைசியில் சொன்னதுதான் பலரைக் கடிக்கிறது. வீடு மாறினால் அந்தப் பணம் திரும்பி வருமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், ஏனென்றால் பெங்களூரில் நம்மில் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆதாரில் திருநெல்வேலியோ சேலமோ இருந்தால் முகவரிச் சான்றாக இ–ஸ்டாம்ப் தாளில் எழுதிய வாடகை ஒப்பந்தத்தின் பிரதி தேவைப்படும். எல்லாப் பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக, இருவர் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி வைத்திருங்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் விண்ணப்பம் அவரிடமிருந்துதான் போக வேண்டும். அவரிடம் விளையாட்டுக்காக என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம். நாலு பேர் வாரம் ஒரு முறை ஆடுவதற்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை என்பதே என் எண்ணம். வீட்டுக் கேமராவுக்கோ வேறு வேலைக்கோ நிலையான முகவரி எப்படியும் வேண்டியிருப்பவர் மட்டும் இதில் இறங்கலாம்.

8. அறையை அமைத்தல்

அறைக்குப் பெயரும், நண்பர்கள் மட்டும் ஆடுவதானால் பாஸ்வேர்டும் கொடுங்கள். வரைபடத்துக்கு ‘மெயின்லேண்ட்’ போதும். கடலில்லாத, எல்லோருக்கும் சமமான நிலம் என்பதால் அனுபவசாலிகளும் இதையே ஆடுகிறார்கள். கடற்படை வரைபடங்கள் அழகானவை, ஆனால் புதியவர் ஒருவர் கப்பல் கட்டத் தெரியாமல் தீவில் உட்கார்ந்திருப்பார். தொடக்க வளம் குறைந்த அளவான 300, வெற்றி நிபந்தனை எதிரியை முழுதாக வீழ்த்துவது, ஏமாற்றுக் கட்டளைகள் அணைத்த நிலை என்று வைத்துவிட்டு, மக்கள்தொகை வரம்பில் மட்டும் சற்று நின்று யோசியுங்கள். குழுவில் ஒரு பழைய லேப்டாப் இருந்தாலும் நூற்றைம்பதுக்கு மேல் போகாதீர்கள். அந்த ஒரு கணினியால் எல்லோரும் திணறுவதை விடச் சிறிய படையோடு ஆடுவது மேல்.

‘டீம் லாக்’ போட மறக்காதீர்கள். போடாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் கூட்டணி மாறலாம். கோயம்புத்தூர் நண்பர் ஒரு முறை மாறிக் காட்டினார், அதற்குப் பிறகு அன்று வேறு ஆட்டம் நடக்கவில்லை.

எந்த நாகரிகத்தை எடுப்பது என்று புதியவர்கள் கேட்பார்கள். மௌரியர்களைச் சொல்வேன். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வேலைக்கார யானை வரும். வெட்டிய மரத்தை அதன் அருகிலேயே இறக்கலாம் என்பதால், கிடங்கை எங்கே கட்டுவது என்ற கவலை முதல் சில நிமிடங்களுக்கு இல்லை. மரம் வெட்டுபவர்கள் காட்டுக்குள் நகர நகர யானையையும் இரண்டடி நகர்த்திக்கொண்டே போனால் போதும்.

9. ஆட்டத்தின் நடுவில்

ஹோஸ்ட் வெளியேறினால் ஆட்டம் எல்லோருக்கும் முடிந்துவிடும். அந்தப் பொறுப்பு தானாக இன்னொருவருக்கு மாறாது. யு.பி.எஸ். யார் வீட்டில் முதலில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். மற்றவர்களில் ஒருவர் அறுந்துபோனால், அதே பெயரில் திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்குள் ஆட்டத்தை நிறுத்தி வைப்பது மரியாதை. எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு ஐந்து.

திரும்பி வருபவருக்காக ஹோஸ்ட்டின் கணினி முழு நிலவரத்தையும் திரட்டி அனுப்புகிறது. அப்போது சில நொடிகள் எல்லோருக்கும் திரை உறையும். பார்வையாளர்கள் தாமதமாக நுழையும்போதும் இதுவே நடக்கும். நாற்பதாவது நிமிடத்தில், இரு படைகளும் மோதிக்கொண்டிருக்கும் வேளையில், யாரோ வேடிக்கை பார்க்க வந்து ஆட்டத்தை உறையவைப்பதைத் தவிர்க்க, அமைப்புகளில் தாமதப் பார்வையாளர்களை அனுமதிப்பதா என்ற தேர்வு இருக்கிறது. அதை நண்பர்களுக்கு மட்டும் என்றோ யாருக்கும் இல்லை என்றோ மாற்றுங்கள். அறைக்குள் தொல்லை தருபவரை, அரட்டையில் சாய்கோடிட்டு ‘கிக்’ என்ற கட்டளையையும் அவர் பெயரையும் எழுதி ஹோஸ்ட் வெளியேற்றலாம்.

‘அவுட் ஆஃப் சிங்க்’ என்ற செய்தி திரையில் வந்தால், ஒருவர் கணினியில் நடக்கும் போரும் இன்னொருவர் கணினியில் நடக்கும் போரும் வேறாகிவிட்டன என்று பொருள். ஒருவரிடம் மோட் ஒன்று மாறியிருக்கலாம். அந்த ஆட்டத்தைத் தொடர்வதில் பயனில்லை. எல்லோரும் வெளியேறி, மோட் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

முடிந்த ஆட்டங்கள் ‘ரீப்ளே’ பட்டியலில் தாமாகவே சேர்ந்திருக்கும். விளையாட்டின் புதிய பதிப்பை நிறுவிய பின் பழைய ரீப்ளேக்கள் ஓடாது என்பதால், பார்க்க வேண்டியவற்றை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போர்ட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் ரவுட்டரின் அந்தப் பக்கத்தை இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நெட் வரவில்லை என்று அழைத்தால் வரும் டெக்னீஷியன் செய்யும் முதல் வேலை ரவுட்டரை ரீசெட் செய்வது, இரண்டாவது அதை மாற்றிவிட்டுப் போவது. இரண்டிலும் உங்கள் அமைப்புகள் அழிந்துவிடும். புதிய ரவுட்டர் வந்த அன்றே ஐந்தாம் பகுதியின் முகவரிச் சோதனையையும் ஒரு முறை செய்துவிடுங்கள், ஏனெனில் நேற்று வரை இருந்த பொது முகவரி சொல்லாமல் கொள்ளாமல் சி.ஜி.நாட்டாக மாறியிருக்கலாம்.